நீலத்துணி போன கரை

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
ஐப்பசி மாதம், 2025.

சிரஞ்சீவி பேரனுக்கு உன் பெரிய தாத்தா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.  

டக்கார் நகரத்தில் நீ வெளியே சென்று கழித்த முதல் மாலைப்பொழுதைப் பற்றி எழுதிய கடிதம் வந்தது. உன் பெரிய பாட்டிக்கு அதை உரக்க வாசித்துக் காட்டினேன். அல்மாடி முனையருகே ஓர் ஓட்டலின் புல்வெளியில் அலுவலக நண்பர்களோடு அமர்ந்து அட்லாண்டிக் சமுத்திரத்தில் சூரியன் அஸ்தமிப்பதைப் பார்த்ததையும், திரும்பும் வழியில் காரின் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பொருள் விற்க முயன்றவர்களால் உண்டான சலிப்பையும், வீட்டுக்கு வீடு வாசலில் நாலைந்து பேர் ஒரு சிறு கரியடுப்பைச் சுற்றி நெடுநேரம் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று உன் நண்பர்களில் ஒருவர் கேட்டதையும் விவரமாக எழுதியிருந்தாய். அஸ்தமனத்தை அழகாகவே வர்ணித்திருக்கிறாய். சூரியன் கடலிலிருந்து எழுவதை மட்டுமே கண்டு வளர்ந்த கீழைக்கரைக்காரனுக்கு, அது கடலுக்குள் இறங்குவது பெரிய காட்சிதான். ஆனால், "டக்காரைப் பார்த்தாகிவிட்டது" என்று கடிதத்தை முடித்திருக்கிறாயே, அதை மட்டும் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

செங்கோர் செனகல் நாட்டின் ஜனாதிபதியாக இருந்த காலத்தில், பிரெஞ்சுப் படையின் பணியில் நான் டக்காரில் இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். அந்நகரத்தின் மாலைகளை எப்படிக் கழிக்கவேண்டும் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டென்று எண்ணுகிறேன். அதைவிட முக்கியமாக, புதுச்சேரியிலிருந்து போன ஒருவன் அந்தக் கரையில் மற்ற அந்நியர்களைப்போல உல்லாசமாகச் சுற்றிவிட்டு வந்துவிட முடியாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை உன் தலைமுறைக்கு எவரும் சொல்லிவைக்கவில்லை. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்; பொறுமையாக வாசி.

முதலில், அடுத்த விடுமுறை நாளில் ஓட்டலுக்குப் போகாதே. வெயில் தணியும் நேரத்தில், மேற்குக் கடற்கரைச் சாலையில், மெதீனாப் பேட்டைக்குக் கீழே உள்ள சும்பெதியூன் குடாவுக்கு நடந்து போ. காலையில் கடலுக்குப் போன நீண்ட மரத்தோணிகள் அந்த வேளையில்தான் கரையேறும். முனை முதல் கடைவரை சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வர்ணம் தீட்டி, தாயின் பெயரையோ சமய குருவின் பெயரையோ எழுதிவைத்த அந்தத் தோணிகளை, பத்துப் பன்னிரண்டு பேர் தோள்கொடுத்து உருளைமரங்களின்மேல் ஏற்றுவதையும், இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிய பெண்கள் தோணி கரையைத் தொடுமுன்பே முழங்கால் நீரில் இறங்கி விலைபேசத் தொடங்குவதையும் நின்று பார். வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் விடியற்காலையில் நீ பார்த்து வளர்ந்த வியாபாரம் அங்கே மாலையில் நடக்கிறது. மீனைக் கரையில் இறக்குபவன் ஆணாயினும், அதன் விலையையும் வீட்டின் செலவையும் நிர்ணயிப்பவள் பெண்ணாக இருப்பது இரண்டு கரைக்கும் பொது. லெபு என்னும் அந்த மீனவ சமூகம்தான், பிரெஞ்சுக்காரர் 1857இல் கோட்டை கட்டி நகரத்தை ஸ்தாபிப்பதற்கு முன்பே, அந்த முனையில் குடியிருந்த ஆதிவாசிகள்.

அவர்கள் தியோஃப் என்று கொண்டாடும் உயர்ந்த மீன் நம் களவா மீனின் இனத்தைச் சேர்ந்தது. நான் அங்கிருந்த நாளில் சாதாரணத் தொழிலாளியின் வீட்டிலும் அது வெந்தது. இப்போது அது அருகிப்போய், ஓட்டல்களுக்கும் ஏற்றுமதிக்கும் உரிய பண்டமாகிவிட்டது. பிறநாட்டு இழுவைக் கப்பல்கள் கடலின் அடிவரை துழாவி அள்ளிச் செல்வது அதற்கு முக்கியமான காரணம். மீன் இல்லாத கடலை நம்பிப் பயனில்லை என்று கண்ட வாலிபர்கள், அதே வர்ணத் தோணிகளில் பெட்ரோல் பீப்பாய்களையும் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு, ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளை நோக்கி வாரக்கணக்கில் பயணம் போகிறார்கள்; போனவர்களில் எத்தனையோ பேர் கரை காணவில்லை. உன் கார்க் கண்ணாடியைத் தட்டிய இளைஞன் அந்தப் பயணத்துக்குப் பணம் சேர்ப்பவனாக இருக்கலாம். அப்பயணத்தில் தம்பியைப் பறிகொடுத்தவனாகவும் இருக்கலாம். நீயோ ஒரு கடவுச்சீட்டின் பலத்தால் ஆகாய விமானத்தில் சுகமாக இறங்கியவன். அவனிடம் எதையும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. கண்ணாடியை இறக்கி, முகத்தைப் பார்த்து, ஒரு வந்தனம் சொல்லி, வேண்டாம் என்று சொல்.

வந்தனம் என்று எழுதியதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்நாட்டில் எந்தக் காரியத்துக்கும் முதல்படி குசலம் விசாரிப்பதுதான். கடையில் சோப்பு வாங்குவதாயினும், போலீஸ்காரரிடம் வழி கேட்பதாயினும், சலாம் சொல்லி, நலமா என்று கேட்டு, வீட்டார் நலமா, இரவு அமைதியாகக் கழிந்ததா என்று விசாரித்து, அவர்கள் விசாரிப்பதற்கும் விடைசொன்ன பிறகே விஷயத்துக்கு வரவேண்டும். "நங்க தெஃப்" என்று வொலோஃப் மொழியில் தொடங்கினால் அவர்கள் முகம் மலரும். பிரெஞ்சில் தொடங்கினால் உத்தியோகக்காரன் என்று எண்ணி ஒதுங்குவார்கள். பிரெஞ்சு நமக்குச் சரளமாக வருவதை அங்கே பெருமையாக எண்ணாதே. அது எந்த வழியாக நம் வாய்க்கு வந்ததோ அதே வழியாகத்தான் அவர்கள் வாய்க்கும் வந்தது. பிரெஞ்சு உத்தியோகத்தில் இந்தோசீனாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போன நம்மவருள் சிலர், துரைமார்கள் அந்த ஜனங்களைப் பார்த்த பார்வையையே தாங்களும் பார்க்கக் கற்றுக்கொண்டு, தங்களுக்குக் கீழே ஓர் இனம் இருப்பதில் ஆறுதல் அடைந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தச் சிறுமை உனக்கு வேண்டாம்.

இனி உன் நண்பர் பரிகசித்த கரியடுப்பு. அதில் காய்வது அத்தாயா என்னும் தேநீர். சீனத்துப் பச்சைத் தேயிலையை ஒரு சிறு கெட்டிலில் இட்டு, புதினாவும் சர்க்கரையும் சேர்த்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒருமுழ உயரத்திலிருந்து மாற்றி மாற்றி ஊற்றி, கிண்ணத்தில் பாதி நுரை நிற்கும்வரை ஆற்றி, மூன்று சுற்றாகக் கொடுப்பார்கள். முதற்சுற்று கசக்கும், இரண்டாவது கசப்பும் இனிப்புமாக இருக்கும், மூன்றாவது வெறும் இனிப்பு. ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையே அரைமணியும் ஆகலாம். முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு எழுந்து போவது, பந்தியில் இலைபோட்டு உட்கார்ந்தவன் பருப்புச் சோற்றோடு எழுந்து போவதை ஒக்கும். பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், தையற்கடையில் குனிந்திருந்தவனும், வேலை கிடைக்காமல் ஊரைச் சுற்றி வந்தவனும் அந்தக் கெட்டிலைச் சுற்றித்தான் சேர்கிறார்கள். எவன் வீட்டில் நோய், எவனுக்குக் கடன், எந்தப் பெண்ணுக்கு எங்கே வரன், எந்த மந்திரி எதைப் பேசினான் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகும். நம் ஊர்த் திண்ணைகளை இடித்து வாகனம் நிறுத்த இடம் செய்துகொண்ட நாம், இன்னும் வாசலில் கூடி உட்காரும் ஜனங்களை வேலையற்றவர்கள் என்று சொல்வது நியாயமன்று. யாராவது உன்னை அழைத்தால், மூன்று சுற்றும் முடியும்வரை உட்கார்ந்திரு.

என்னை அவ்விதம் முதலில் அழைத்தவர் எங்கள் முகாமின் பண்டகசாலையில் வேலைபார்த்த ஒரு முதியவர். இந்தோசீன யுத்தத்தில் பிரெஞ்சுக் கொடியின்கீழ் போரிட்டுத் திரும்பியவர். மெதீனாவில் அவருடைய வீடு. அங்கே நடுவில் ஒரு பெரிய வட்டத் தட்டை வைத்து, வீட்டாரும் விருந்தினரும் சுற்றி அமர்ந்து, அவரவர் எதிரில் உள்ள பாகத்திலிருந்து மட்டும் வலக்கையால் எடுத்து உண்டோம். நடுவிலிருந்த மீனை வீட்டு எஜமானியம்மாள் தன் கையால் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். நாமாக நடுவில் கையை நீட்டுவது மரியாதையன்று. செபு ஜென் என்னும் அந்த மீன்சோறு, சேன் லூயி நகரத்தில் பிறந்ததென்பார்கள். 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை மானிடப் பண்பாட்டின் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அது மதிய உணவு. நீ மாலையில் போனால் மீந்திருப்பதுதான் கிடைக்கும், அதுவும் ருசிதான். அதில் நீ கவனிக்கவேண்டியது அரிசி. முழு அரிசி அன்று, நொய். சைகோனின் ஆலைகளில் மிஞ்சிய நொய்யை, தன் ஓர் அடிமைநாட்டிலிருந்து மற்றோர் அடிமைநாட்டுக்குப் பிரெஞ்சு அரசாங்கம் கப்பல் கப்பலாக அனுப்பியது. நம் வீடுகளில் கஞ்சிக்கு ஒதுக்கும் அந்த நொய்யைக் கொண்டு அந்தப் பெண்கள் ஒரு தேசத்தின் விருந்தையே சமைத்துவிட்டார்கள். டக்காரின் தெருமுனைகளில் இப்போதும் நெம் என்னும் பொரித்த சுருளை விற்கிறார்களே, பார்த்தாயா? வியட்நாம் யுத்தகளத்திலிருந்து செனகல் சிப்பாய்கள் மணந்து அழைத்துவந்த பெண்கள் கொண்டுவந்த பண்டம் அது. நம் ஊரிலும் சைகோனிலிருந்து, சொல்தாக்கள் என்னும் நம் பிரெஞ்சுப்படை வீரர்களோடு வந்த பெண்களின் கையால்தான் அந்தப் பண்டம் நமக்கு வந்தது. உன் பாட்டி பண்டிகைக்குப் பண்டிகை செய்யும் நெம்மை அங்கே வாங்கித் தின்றுபார்; எழுது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் குடும்பம் இந்த முத்தியால்பேட்டையில் தறிநெய்து பிழைத்த குடும்பம் என்பதை நீ அறிவாய். நெய்த துணி எங்கே போயிற்று என்பதை அறியமாட்டாய். சோழமண்டலக் கரையில் நெய்து, அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்பத் தோய்த்து, கட்டையால் அடித்துப் பளபளப்பேற்றிய நீலத்துணிக்குக் கினே என்று பெயரிட்டு, பிரெஞ்சு வர்த்தகர்கள் அதைப் புதுச்சேரியிலிருந்து ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து செனகல் நதியின் முகத்துவாரத்திலுள்ள சேன் லூயித் துறைக்கும் அனுப்பினார்கள். நதியின் வடகரையில் வாழ்ந்த மூர் ஜாதியார் பாலைவனத்து வேலமரங்களிலிருந்து எடுத்த பிசினைக் கொண்டுவந்து, அதற்கு ஈடாக இந்தத் துணியை வாங்கிப்போவார்கள். ஐரோப்பாவின் அச்சுத்துணிப் பட்டறைகளுக்கு அந்தப் பிசின் இன்றியமையாதது. நதிக்கரைச் சந்தைகளில் வெள்ளிக் காசு செல்லுபடியாவதைவிடக் கினேத் துண்டு அதிகமாகச் செல்லுபடியாயிற்று. விலையும் கடனும் வரியும் துண்டுக் கணக்கிலேயே பேசப்பட்டன. பிரான்சிலுள்ள ரூவான் நகரத்தாரும் இங்கிலாந்துக்காரரும் அதைப்போலவே நீலத்துணி செய்து மலிவாக அனுப்பிப் பார்த்தார்கள். மூர்களோ துணியை முகர்ந்தும் விரலால் தடவியும் பார்த்து, இது புதுச்சேரிச் சரக்கன்று என்று தள்ளிவிட்டார்கள். நம் பாட்டன்மார் கைநேர்த்திக்கு இத்தனை தூரத்திலிருந்து கிடைத்த நற்சாட்சி வேறொன்றை நான் அறியேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைத்தறியின் இடத்தை மில் பிடித்துக்கொண்டபோது, சவானா மில் முதலான இவ்வூர் ஆலைகள் செழித்ததற்கும் இந்த நீலத்துணி வியாபாரம் ஒரு பெரிய காரணம். 1898இல் தோன்றிய ரோடியர் மில் உள்பட அந்த ஆலைகளெல்லாம் இன்று பூட்டிக் கிடக்கின்றன.

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் நான் உனக்கு உண்மையான பெரியவன் ஆகமாட்டேன். அந்தத் துணி பிசினுக்கு மட்டும் விலையாகவில்லை. அதற்கு முன்பே மனிதருக்கும் விலையாயிற்று. மேற்கு ஆப்பிரிக்கக் கரை நெடுக அடிமை வியாபாரிகள் மனிதரை வாங்கக் கொடுத்த பண்டங்களில் துப்பாக்கிக்கும் சாராயத்துக்கும் முன்வரிசையில் நின்றது இந்தியத் துணி. அதில் நம் கரையின் துணிக்குப் பெரும்பங்கு. ஆகையால் அடிமை வியாபாரத்தின் நினைவிடமான கோரேத் தீவுக்கு நீ போகும்போது வேடிக்கை பார்க்கப் போகிறவனாகப் போகாதே. துறைமுகத்திலிருந்து படகு அரைமணிக்குள் கொண்டுசேர்த்துவிடும். பகற்கூட்டம் திரும்பும் பிற்பகலில் போய், கடைசிப் படகுக்கு முன்னால் வரும் படகில் திரும்பு. மாட்டுவண்டியோ மோட்டாரோ ஓடாத மணற்சந்துகளும், மஞ்சளும் செம்மண் நிறமும் பூசிய சுவர்களும், அவற்றின்மேல் கவிழ்ந்த காகிதப்பூக் கொடிகளும் நம் வெள்ளைநகரத் தெருக்களையே உனக்கு நினைவூட்டும். ஒரே ராஜ்யத்தின் கைவேலை அல்லவா? ஆனால் அங்கே அடிமைகள் இல்லம் என்ற வீட்டின் கீழ்த்தளத்து அறைகளுக்குள் குனிந்து நுழைந்து, கடலைப் பார்த்துத் திறக்கும் வாயிற்படியில் நில். அந்த ஒரு வீட்டின் வழியாக எத்தனை பேர் ஏற்றப்பட்டார்கள் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் விவாதம் உண்டு. அட்லாண்டிக்கைக் கடந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டவர் விலங்கோடு ஏற்றப்பட்டார்கள் என்பதில் விவாதம் இல்லை. தறியில் உட்கார்ந்த நம் முன்னோன் தன் துணியால் என்ன வாங்கப்படுகிறதென்று அறிந்திருக்க வழியில்லை. அறிந்துகொள்ள வழியுள்ள நீ அறிந்துகொண்டு நிற்கவேண்டும். பிரெஞ்சு ராஜ்யம் 1848இல் அடிமைமுறையை ஒழித்ததும், காலியான கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க அவர்கள் எங்கே வந்தார்கள்? புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும்தான். ரெயூனியனுக்கும் மர்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்கள் கப்பலேறினார்கள். அங்கே நம்மவர் குனிந்து கரும்பு வெட்டிய வயல்களில் அதற்கு முன்பு குனிந்து நின்றவர் ஆப்பிரிக்க அடிமைகளே.

மெதீனா முதியவரைப் பற்றி எழுதினேன் அல்லவா? அவரோடு நான் கழித்த மாலைகளுள் ஒன்றில் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்கு வருவது சொற்பத்தொகை. காரணம் பின்னாளில் எனக்கு விளங்கிற்று. பிரெஞ்சு அரசாங்கம் சட்டம் செய்து, சுதந்திரம் பெற்ற நாடுகளைச் சேர்ந்த பழைய வீரர்களின் ஓய்வூதியத்தை உயராமல் நிறுத்திவிட்டது. பிரெஞ்சுப் பிரஜைக்கு விலைவாசியோடு தொகை ஏறியது. அவரோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்த செனகல்காரருக்கு ஏறவில்லை. நம் நிலையோ வேறு. 1962 ஆகஸ்டு 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, நம்மவரில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அரைவருஷ அவகாசம் கொடுத்தார்கள். அப்படி வைத்துக்கொண்ட சொல்தாக்களுக்கு முழு ஓய்வூதியம் வந்தது, எனக்கும் வருகிறது. இந்த வீடும், உன் தகப்பன் படித்த படிப்பும் அதனால் உண்டானவை. ஆப்பிரிக்க வீரர்களின் பங்கைக் காட்டிய ஒரு திரைப்படம் 2006இல் வெளிவந்து பிரான்சின் மனச்சாட்சியை அசைத்த பிறகே அந்தத் தொகைகள் சமமாக்கப்பட்டன. அதற்குள் என் நண்பரைப் போன்றவர்களில் மிகப்பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். நான் அனுபவிக்கும் சௌகரியம் அவருக்கும் நியாயமாகச் சேர்ந்திருக்க வேண்டியது என்ற எண்ணம் இல்லாமல் ஒரு மாதமும் நான் அந்தப் பணத்தை வாங்கியதில்லை. இவ்வாண்டு ஜூலை 17ஆம் தேதி பிரெஞ்சுப் படை தன் கடைசி முகாமையும் செனகலிடம் ஒப்படைத்து வெளியேறிய செய்தியைப் படித்தபோது, அந்த முதியவர் இருந்து பார்த்திருக்கவேண்டும் என்றே தோன்றியது.

உன்னை இந்தியன் என்று அறிந்ததும் அங்கே பலர் காட்டப்போகும் பிரியத்துக்கும் நீ தயாராக இருக்கவேண்டும். இந்திப் படங்கள் பல பத்தாண்டுகளாக அந்நகரத்துப் பெண்களின் மனத்தைக் கவர்ந்தவை. மொழி தெரியாமலே முழுப்பாட்டையும் பாடி ஆடுகிறவர்களைக் காண்பாய். நமக்கு இந்தி வராது என்று சொல்லி அவர்கள் சந்தோஷத்தைக் குலைக்காமல், கூட உட்கார்ந்து கைதட்டு. தமிழன் என்று சொன்னால் படித்தவர்கள் வேறொன்றை நினைவுகூரலாம். கவிஞரும் ஜனாதிபதியுமான செங்கோர், கறுப்பு ஆப்பிரிக்கருக்கும் திராவிடருக்கும் தொன்மையில் உறவுண்டென்ற கருத்தில் அபாரப் பற்றுக் கொண்டிருந்தார். 1974இல் சென்னைக்கு வந்து உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் அதைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். டக்கார் பல்கலைக்கழகத்தில் அதை ஆராய இந்தியாவிலிருந்து அறிஞர்களை வரவழைத்தார். நம் க.ப. அறவாணன் அங்கே சென்று ஆராய்ந்தவர்களுள் ஒருவர். அந்தக் கொள்கையை மொழியியல் அறிஞர் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கும் அதில் பூரண நம்பிக்கை இல்லை. எனினும் ஒரு தேசத்தின் தலைவர் நம்மைத் தேடி வந்து சொந்தம் கொண்டாடினார் என்பதை மறப்பது நன்றியாகாது. நம்மவரில் அவர் பெயரை இன்று அறிந்தவர் எத்தனை பேர்?

இராக்காலத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அந்நகரத்தில் சங்கீதம் தாமதமாகவே தொடங்கும். நள்ளிரவுக்கு முன் போனால் வாத்தியக்காரர்கள்கூட வந்திருக்கமாட்டார்கள். என் காலத்தில் 1970இல் திறந்த பாவோபாப் என்னும் கூடத்தில், கியூபா நாட்டு மெட்டில் வொலோஃப் பாட்டைப் பாடிய குழு பிரசித்தம்; பின்னர் சபார் மேளத்தை முன்னிறுத்திய ம்பலாக்ஸ் என்னும் சங்கீதம் வந்து, பாடகர் யூசு ந்தூரின் குரலால் உலகமெங்கும் போயிற்று. போய்க் கேள், இளமையில் கேளாத சங்கீதம் பின்பு செவியில் ஏறாது. ஆனால் டாக்சியில் ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள். அங்கே மீட்டர் கிடையாது. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் நடக்காதே. கேளாமல் எவரையும் படம் எடுக்காதே. மீனவரையும், தொழுகையில் இருப்பவரையும் கேட்டும் எடுக்காதே. இடக்கையால் எதையும் நீட்டாதே. அஸ்தமனத்துக்குப் பின் பாங்கு ஒலிக்கும்போது பேச்சை நிறுத்து. இவை நம் ஊரிலும் உனக்குச் சொல்லித்தந்தவைதான்.

முடிவாக ஒரு வேண்டுகோள். 1936 ஜூலை 30 அன்று, வேலைநேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கவும் உரிமை கேட்ட மில் தொழிலாளர்கள் பன்னிருவரைப் பிரெஞ்சு அரசாங்கத்தின் ஆயுதப்படை புதுச்சேரியில் சுட்டுக் கொன்றது. அந்த மில்களில் நீலத்துணி நெய்தவர்கள் நம் ஜனங்கள். எட்டாண்டுக்குப் பின், 1944 டிசம்பர் 1 அன்று, டக்காருக்கு வெளியே உள்ள தியாரோய் முகாமில், ஜெர்மானியரின் சிறையிலிருந்து மீண்டுவந்து தங்களுக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களை அதே பிரெஞ்சுப் படை சுட்டது. முப்பத்தைந்து பேர் என்று அன்று கணக்குச் சொன்னார்கள். எழுபதுக்குக் குறையாது என்று பிற்காலத்தில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஜூலை 30 தோறும் நாம் இங்கே நம் பன்னிருவருக்கு மாலையிடுகிறோம். நவம்பர் 11 அன்று கடற்கரைச் சாலையில் 1938இல் எழுப்பிய போர்வீரர் நினைவுச் சின்னத்துக்கு, என் கால் ஒத்துழைத்தால், நான் போய் வருவேன். டிசம்பர் 1 அன்று நீ தியாரோய்க் கல்லறைக்குப் போய், நம் எல்லார் பெயராலும் கொஞ்சம் பூ வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
உன் பெரிய தாத்தா